ஜாரின் சீருடையில் ஒரு போலந்துக்காரர்: துரோகி என்று சொல்லலாமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 5

ருஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 போலந்து எழுச்சியில் கலந்துகொண்ட தந்தையைச் சைபீரியாவுக்கு நாடுகடத்தி, குடும்ப நிலத்தையும் பறித்துக்கொண்ட அதே ருஷ்யப் பேரரசின் சேனையில் மகன் சேர்ந்து, மத்திய ஆசியாவில் புகழ் பெற்று, ஆளுநராகவும் ஜெனரலாகவும் உயர்ந்திருக்கிறார். ப்ரோனிஸ்வாஃப் கிரோம்ப்செவ்ஸ்கியைத்தான் சொல்கிறேன். போலந்துக்காரர்கள் இவரை மாபெரும் பயணி என்று கொண்டாடுகிறார்கள். துரோகி என்பதைத் தவிர இவரை வேறு எப்படி அழைப்பது?

ஜனவரி 5, இரவு

அவர் பிறந்தது 1855இல், இன்றைய லித்துவேனியாவில் அடங்கும் கோவ்னோ மாகாணத்தில், போலிஷ் மொழி பேசிய ஒரு நிலவுடைமைக் குடும்பத்தில். எழுச்சி வெடித்தபோது அவருக்கு எட்டு வயது. தந்தை சைபீரியா போனார், பண்ணை பறிபோனது, தாய் பிள்ளைகளோடு வார்சாவுக்குக் குடிபெயர்ந்தார். பதினெட்டு வயதை ஒட்டிச் சேனையில் சேர்ந்த இளைஞருக்கு முன்னால் எத்தனை வழிகள் திறந்திருந்தன என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது போலந்து என்ற நாடே உலக வரைபடத்தில் இல்லை. 1795க்குள் ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் அதைப் பங்கிட்டு முடித்திருந்தன. நிலம் இழந்த பிரபுக் குடும்பத்துப் பையனுக்கு வாளும் படிப்பும்தான் மிச்சம். அந்த இரண்டுக்கும் கூலி கொடுக்கக்கூடிய எசமானர்கள் இந்த மூவரே.

சேர்ந்த சில ஆண்டுகளிலேயே அவர் துருக்கிஸ்தானுக்கு, அதாவது மத்திய ஆசியாவில் ருஷ்யா பிடித்திருந்த பகுதிக்கு, போய்விட்டார் என்பதையும் கவனியுங்கள். எதற்காக அங்கே என்பதை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 6

1863க்குப் பிறகு ருஷ்யச் சேனையில் கத்தோலிக்கர்களின் மேல், அதாவது பெரும்பாலும் போலந்துக்காரர்களின் மேல், சந்தேகம் கவிந்தது. மேற்கு மாகாணங்களிலும் போலந்துப் பகுதியிலும் போலந்து அதிகாரிகளை அமர்த்துவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. உயர் படை அதிகாரிகளைப் பயிற்றும் தலைமைப் பணித்துறைக் கல்லூரியின் கதவு அவர்களுக்கு ஏறத்தாழ மூடியே இருந்தது. ஒரே ஓர் உதாரணம் போதும். பிற்காலத்தில் போலந்து விடுதலைக்காகப் படை திரட்டிய யூசெப் டோவ்போர்-முஷ்னிட்ஸ்கி, அந்தக் கல்லூரியில் இடம் பெறுவதற்காகத் தம்மைப் புராட்டஸ்டண்ட் பிரிவான கால்வின் சபையைச் சேர்ந்தவராகப் பதிவுசெய்துகொண்டார். மதத்தை ஏட்டில் மாற்றி எழுதினால்தான் மேற்படிப்பு என்ற நிலைமை.

ஆனால் ஓரன்பர்க், தாஷ்கண்ட், ஃபெர்கானா என்று கிழக்கே போகப் போக இந்தச் சந்தேகம் நீர்த்துப்போனது. அங்கே ஆள் பற்றாக்குறை. வெயிலையும் காய்ச்சலையும் தாங்கி, உள்ளூர் மொழி கற்று, வரைபடம் வரையத் தெரிந்த அதிகாரி கத்தோலிக்கரா, லுத்தரனா என்று கேட்டுக்கொண்டிருக்க எவருக்கும் நேரமில்லை. தன் வீட்டு வாசலில் நம்ப மறுத்தவனைத் தன் தோட்டத்துக் கடைசி வேலியில் காவல் வைத்தது பேரரசு. கிரோம்ப்செவ்ஸ்கி துருக்கிஸ்தானுக்கு மாறியதில் சாகச ஆசைக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்தக் கணக்குக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

துரோகம் பற்றிப் பேசுவதானால் ரோமுவால்ட் டிராவுகுட்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். 1826இல் பிறந்தவர், ருஷ்யச் சேனையின் சாப்பர் (பொறியியல்) பிரிவில் அதிகாரி. 1849இல் ஹங்கேரியின் புரட்சியை நசுக்க ஜார் அனுப்பிய படையில் அவரும் போனார். எதிர்ப்பக்கத்தில் ஹங்கேரியர்களுக்குத் தளபதிகளாக நின்றவர்கள் யார் தெரியுமா? பெம், டெம்பின்ஸ்கி என்ற இரண்டு போலந்துக்காரர்கள்! பிறகு கிரிமியப் போரிலும் ஜாருக்காகவே களம் கண்டு, 1862இல் லெப்டினண்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். மறு ஆண்டு எழுச்சியில் இறங்கினார். அக்டோபர் 1863இல் அதன் தலைமையையே ஏற்றார். 1864 ஆகஸ்ட் 5 அன்று வார்சா கோட்டைச் சரிவில் நான்கு தோழர்களோடு தூக்கிலிடப்பட்டார். இன்று அவர் தேசிய வீரர். 1861இல் காய்ச்சலில் இறந்திருந்தால் அவரையும் நண்பர் துரோகிப் பட்டியலில்தான் எழுதியிருப்பார்.

ஜனவரி 6, சற்று நேரம் கழித்து

ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்படியானால் கிரோம்ப்செவ்ஸ்கி கட்டாயத்தால் சேர்க்கப்பட்டவரா? இல்லை. கட்டாயத்தின் கதை வேறொருவருடையது. நாளை அவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜனவரி 8

யான் ப்ரோஸ்பெர் வித்கேவிச், 1808இல் பிறந்தவர். இவரும் அதே லித்துவேனியப் பகுதிக்காரர்தான். க்ரோஜே என்ற ஊரில் பள்ளி மாணவனாக இருந்தபோது ருஷ்ய ஆட்சிக்கு எதிரான இரகசிய மாணவர் குழுவில் சேர்ந்ததற்காகக் கைதானார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விதிக்கப்பட்டது மரணதண்டனை. பின்னர் அதைக் குறைத்து, பிரபுப் பட்டத்தைப் பறித்து, சாதாரணச் சிப்பாயாக ஓர்ஸ்க் என்னும் எல்லைக் கோட்டைக்கு அனுப்பினார்கள். அந்தப் புல்வெளிப் பாலையில் அவர் பாரசீகமும் துருக்கிய மொழிகளும் கற்றார். 1829இல் அவ்வழியே வந்த ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், கோட்டையில் தாம் எழுதிய நூலின் பிரதி ஒன்று கிடப்பதைக் கண்டு வியந்து, அது யாருடையது என்று விசாரித்தபோது ஒரு சிப்பாயை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். ஹம்போல்ட்டின் பரிந்துரை அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது.

சிப்பாய் அதிகாரியானார். புகாராவுக்குப் போய் வந்தார். 1837 டிசம்பரில் ஜாரின் தூதராகக் காபூலுக்குள் நுழைந்தார். அப்போது அங்கே பிரிட்டிஷ் தரப்பில் ஆப்கன் ஆட்சியாளர் தோஸ்து முகமதுவோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்த அலெக்சாண்டர் பர்ன்ஸ், போட்டிக்கு வந்த இவரைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்தார். கல்கத்தா அரசாங்கம் இந்த ஒற்றை அதிகாரியின் வருகையால் பதறியது. அந்தப் பதற்றமும் ஒரு காரணமாகவே முதல் ஆப்கன் போர் மூண்டது.

இதற்கிடையில் ருஷ்யா கையை உதறிவிட்டது. பீட்டர்ஸ்பர்க் திரும்பிய வித்கேவிச், 1839 மே மாதம் தம் விடுதி அறையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார், காகிதங்கள் எரிக்கப்பட்டிருந்தன. தற்கொலையா, கொலையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அதற்குள் நான் இறங்கப்போவதில்லை, எங்கே முடிப்பேன் என்று எனக்கே தெரியாது. முக்கியமானது இதுதான்: தண்டனையாக அணிவிக்கப்பட்ட சீருடையைத் தகுதியால் பதவியாக்கிக்கொண்டவர் அவர். அவரைவிட ஏறத்தாழ அரை நூற்றாண்டு இளையவரான கிரோம்ப்செவ்ஸ்கிக்குக் கைவிலங்கு யாரும் மாட்டவில்லை. அவர் தாமாகவே கையெழுத்திட்டார்.

ஜனவரி 9

1889ஆம் ஆண்டைப் பற்றி எழுதாமல் கிரோம்ப்செவ்ஸ்கியைப் பற்றிப் பேசுவது வீண்.

முந்தைய ஆண்டே அவர் ஹுன்சாவுக்குள் நுழைந்து அதன் மன்னர் சஃப்தர் அலியைச் சந்தித்திருந்தார். கில்கிட்டுக்கு வடக்கே கணவாய்களின் வாசலில் உட்கார்ந்திருந்த, கேரவன்களைக் கொள்ளையடிப்பதில் பேர்போன சிறு இராச்சியம் அது. ருஷ்ய அதிகாரி ஒருவர் அங்கே விருந்து உண்டார் என்ற செய்தி சிம்லாவில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது. 1889இல் அவர் ஆப்கன் மலைப்பகுதியான காஃபிரிஸ்தானுக்குப் போக முயன்றார். ஆப்கன் அமீர் அப்துர் ரஹ்மான் அனுமதி மறுத்தார். எனவே பாமீர் வழியாகக் கிழக்கே திரும்பி, யார்க்கண்ட் ஆற்றின் மேல்பகுதியான ராஸ்கம் பள்ளத்தாக்கை அடைந்தார். அங்கே அக்டோபரில், ஹுன்சாக் கொள்ளையரின் கணவாயைத் தேடி வந்த பிரிட்டிஷ் இளம் அதிகாரி ஃபிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட் எதிர்ப்பட்டார். ஒருவருக்கு 34 வயது, மற்றவருக்கு 26. சுற்றிலும் பல நாள் நடைத் தொலைவுக்கு ஐரோப்பியர் வேறு எவருமில்லை.

வேவு பார்க்க வந்த இருவரும் ஒருவரையொருவர் கூடாரத்துக்கு அழைத்து உபசரித்தார்கள். ஓட்கா ஓடியது, மறுநாள் பதில் விருந்தில் பிராந்தி. பேச்சு இந்தியாவின் மேல் ருஷ்யா படையெடுக்குமா என்பதில் வந்து நின்றது. கிரோம்ப்செவ்ஸ்கி தம்மோடு வந்த கோசாக்குகளை, அதாவது ருஷ்யக் குதிரை வீரர்களை, கூப்பிட்டு, இந்தியாவுக்கு அணிவகுத்துப் போக விருப்பமா என்று கேட்டாராம், அவர்கள் ஆரவாரித்தார்களாம். யங்ஹஸ்பண்டின் கூர்க்கா வீரர்களுக்கு அந்த நெட்டையான ருஷ்ய வீரர்களைப் பார்த்ததும் மானப் பிரச்சினையாகிவிட்டது. எங்கள் பட்டாளத்திலேயே குள்ளமானவர்கள் நாங்கள்தான், மற்றவர்கள் எல்லாம் இன்னும் உயரம் என்று அந்த அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள் எனத் தம் துரையிடம் வேண்டிக்கொண்டார்கள். இராணுவத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கெளரவம் நன்றாகவே புரியும்.

என்னை உறுத்துவது அந்த ஆரவாரக் காட்சிதான். கேள்வி கேட்டவர் ருஷ்யர் அல்லர். ஆரவாரித்தவர்கள் ருஷ்யர்கள். படையெடுப்பால் குடும்பம் சிதைந்த ஒருவர், இன்னொரு நாட்டின் மேல் படையெடுக்க ஆசையா என்று கேட்டுக் கைதட்டல் வாங்குகிறார். விருந்துக்கூடத்து விளையாட்டு என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை.

ஜனவரி 9, இரவு

ஆம், ஓட்கா குடித்த அளவைப் பற்றி இரு தரப்புக் குறிப்புகளும் ஒத்துப்போகுமா என்று கேட்ட நண்பருக்கு: விருந்துக்குப் பின் எழுதிய குறிப்புகள் எப்படி ஒத்துப்போகும்?

ஜனவரி 11

விருந்துக்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. கிரோம்ப்செவ்ஸ்கி லடாக்குக்குள் வந்து குளிர்காலத்தைக் கழிக்க அனுமதி கேட்டிருந்தார். காஷ்மீரிலிருந்த பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதியான ரெசிடெண்ட் மறுத்துவிட்டார். போவதற்கு வேறு வழி தேடியவருக்கு யங்ஹஸ்பண்டின் தரப்பு கிழக்கே திபெத்தியப் பீடபூமியை நோக்கிய ஒரு பாதையைக் காட்டியது. அந்தப் பாதையால் எவருக்கும் பயனில்லை, புல்லும் விறகும் கிடைக்காத உயர்ந்த வெளியில் குளிர்காலத்தில் போனால் அவருடைய குழு கடுமையாக அவதிப்படும் என்பதைத் தெரிந்தே செய்ததாக யங்ஹஸ்பண்ட் மேலிடத்துக்கு இரகசியமாக எழுதினார்.

நான் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தபோது, கிழக்கு லடாக்கில் 16,000 அடிக்கு மேல் உள்ள ஒரு முகாமில் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறேன். எங்களுக்குக் கூடாரத்துக்குள் புகாரி அடுப்பு இருந்தது, ஜெரிகேன்களில் மண்ணெண்ணெய் வந்துகொண்டிருந்தது, பிரஷர் குக்கர் இருந்தது. குக்கர் இல்லாமல் அங்கே அரிசி வேகாது. தண்ணீர் 83 பாகை சுற்றிலேயே கொதித்துவிடும், பருப்பு மணிக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். கையுறையைக் கழற்றி வயர் முனையை முறுக்கும் வேலைக்கு முறை வைத்துக்கொள்வோம், ஏனெனில் ஒருவனே தொடர்ந்து செய்தால் விரல் போய்விடும். இவ்வளவு வசதியோடும் இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காராதவர் எங்களில் கிடையாது. மேலே ஏற்றுவதற்கு முன் உடல் பழகுவதற்கென்று கட்டாய ஓய்வு வேறு கொடுத்திருந்தார்கள்.

கிரோம்ப்செவ்ஸ்கியின் ஆட்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர்கள் குதிரைகளை நம்பிப் போனார்கள். குதிரைகள் புல்லை நம்பிப் போயின. அந்த வெளியில் புல் கிடையாது. தீவனத்தையும் குதிரையே சுமக்க வேண்டும், சுமக்கச் சுமக்க அதிகம் தின்னும், முடிவில் சுமையும் குதிரையும் சேர்ந்தே விழும். டிசம்பர் குளிரில் அவர் பெரும்பாலான குதிரைகளை இழந்தார். ஆட்கள் பனிக்கடியோடு தள்ளாடித் திரும்பினார்கள். இதைப் படிக்கும்போது எனக்குப் பேரரசுகளின் சதுரங்கம் எல்லாம் மறந்துபோய், கறுத்துப்போன கால்விரல்கள் மட்டுமே கண்முன் நிற்கின்றன.

வியப்பு என்னவென்றால், 1890இல் யார்க்கண்டில் இருவரும் மறுபடி சந்தித்து நட்பாகவே பேசிக்கொண்டார்கள்.

ஜனவரி 14

மூன்று நாள் இடைவெளியில் இந்த இழையைத் திரும்பப் படித்தேன். நாம் எல்லோரும், கேள்வி கேட்டவர் உட்பட, போலந்துக்கும் ருஷ்யாவுக்கும் நடுவிலேயே தராசைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நான் அவருக்காக வாதாடியதும் அந்தத் தராசில்தான். கிர்கிஸ்களையும் ஹுன்சாக்காரர்களையும் யாரும் கேட்கவில்லை.

1876இல் கான்கள் ஆண்ட கோகண்ட் அரசை ருஷ்யா விழுங்கி அதற்கு ஃபெர்கானா என்று பெயரிட்டது. அதே ஆண்டு ஜெனரல் ஸ்கோபெலெவ் அலாய் மலைக் கிர்கிஸ்களைப் பணியவைத்தார். அவர்களின் தலைவியான குர்மன்ஜான் தத்கா, போரிட்டுத் தம் மக்களை அழிய விடுவதைவிட உடன்படுவதே மேல் என்று முடிவெடுத்தார். 1895இல் அவருடைய மகன் கம்சிபெக் ஓஷ் நகரில் தூக்கிலிடப்பட்டபோது அந்தத் தாய் உயிரோடு இருந்தார். இன்று கிர்கிஸ்தானின் 50 சோம் தாளில் அவருடைய முகம் இருக்கிறது. கிரோம்ப்செவ்ஸ்கி ஸ்கோபெலெவின் கீழ் பணியாற்றியவர். பிறகு பல்லாண்டுகள் ஃபெர்கானாவின் நிர்வாகத்தில் இருந்தவர். உள்ளூர் மொழி பேசினார், மக்களின் வழக்கங்களைக் கூர்ந்து எழுதினார், அவர்கள் மேல் பரிவும் காட்டினார். அந்தப் பரிவை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் பறிக்கப்பட்ட பண்ணையின் பிள்ளை, பறிக்கப்பட்ட நாட்டில் வரிக் கணக்கும் நில அளவையும் பார்க்கும் அலுவலராக அமர்ந்திருந்தார் என்பதைப் பரிவு அழித்துவிடாது.

ஹுன்சாவின் கதை இன்னும் வெளிப்படையானது. சஃப்தர் அலி தம்மை மாவீரன் அலெக்சாந்தரின் வழித்தோன்றலாக எண்ணிக்கொண்டிருந்தவர். இந்தியாவுக்கு வந்ததுண்டா என்று யங்ஹஸ்பண்ட் கேட்டதற்கு, நானும் அலெக்சாந்தரும் போன்ற பெரிய மன்னர்கள் சொந்த நாட்டை விட்டு வெளியே போவதில்லை என்று பதில் சொன்னாராம். அலெக்சாந்தர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ருஷ்ய அதிகாரியின் வருகை அந்த மன்னருக்குத் தமக்குப் பின்னால் ஒரு வல்லரசு நிற்கிறது என்ற நம்பிக்கையைக் கொடுத்தது. வல்லரசு நிற்கவில்லை. 1889இல் கில்கிட்டில் பிரிட்டிஷ் ஏஜென்சி, அதாவது அரசியல் அலுவலகம், மீண்டும் திறக்கப்பட்டது. 1891 டிசம்பரில் பிரிட்டிஷ் படை நில்ட் கோட்டையைத் தகர்த்து ஹுன்சா, நகர் இரண்டையும் பிடித்தது. சஃப்தர் அலி சீனத் துருக்கிஸ்தானுக்கு ஓடிப்போனார். வித்கேவிச் காபூலில் தோஸ்து முகமதுவுக்குக் கொடுத்த நம்பிக்கைக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பேரரசின் கடைசி வேலியில் நிற்பவன் கொடுக்கும் வாக்கைப் பேரரசு காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை. அவன் அந்நியனாக இருந்தால் மறுத்துவிடுவது இன்னும் எளிது.

ஆகவே நண்பர் சுமத்திய குற்றம் எனக்குச் சிறியதாகத் தெரிகிறது. போலந்துக்கு அவர் செய்ததைவிட, போலந்துக்கு நேர்ந்ததை மற்றவர்களுக்கு நேரச் செய்வதில் அவர் வகித்த பங்கைத்தான் நான் கணக்கில் எழுதுவேன்.

ஜனவரி 14, பின்குறிப்பு

அவர் இல்லாவிட்டாலும் வேறொருவர் போயிருப்பாரே என்கிறார் ஒருவர். போயிருப்பார். எல்லா அதிகாரிகளுக்கும் பொருந்துவதால், இந்த வாதம் யாரையும் விடுவிப்பதில்லை.

ஜனவரி 17

பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லலாம், அவருடைய ஈர்ப்பு மலைகளோடு முடிந்துவிட்டது. நூற்றாண்டு திரும்பும் வேளையில் மஞ்சூரியக் கரையில் ருஷ்யா குத்தகைக்கு எடுத்திருந்த குவாண்டுங்கில் நிர்வாகப் பொறுப்பு. 1903 முதல் 1906 வரை அஸ்ட்ராகான் ஆளுநர், கூடவே அங்கிருந்த கோசாக் படைக்கும் தலைவர். லெப்டினண்ட் ஜெனரல் பதவி. ஜாருக்கு எதிராக எழுந்தவரின் மகன் ஜாரின் கோசாக்குகளுக்குத் தலைவர். இந்த வரியை எழுதிவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1917 புரட்சி எல்லாவற்றையும் துடைத்தெடுத்தது. பதவி, ஓய்வூதியம், சேமிப்பு என எதுவும் மிஞ்சவில்லை. சைபீரியாவில் சிறைப்பட்டு, ஜப்பான் வழியாகத் தப்பி, 1920இல் வார்சா வந்து சேர்ந்தார். அறுபத்தைந்து வயதில், தாம் பிறந்தபோது இல்லாத ஒரு நாட்டின் குடிமகனானார். வானிலை ஆய்வு நிறுவனத்தில் சிறு வேலை கிடைத்தது. நோயும் வறுமையும் சூழ, மத்திய ஆசியப் பயணங்களைப் போலிஷ் மொழியில் எழுதி நூல்களாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்றை, படுத்த படுக்கையிலிருந்து, ஒரு கடிதத்தோடு யங்ஹஸ்பண்டுக்கு அனுப்பினார். இதற்கிடையில் லாசாவுக்குள் படை நடத்திப் போய், சர் பட்டம் பெற்றுப் புகழோடு இருந்தார் அந்தப் பழைய போட்டியாளர். பாழ்வெளிக்குத் தம்மை அனுப்பியவர் என்பதை இவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, 36 ஆண்டுகளுக்குப் பிறகு தம் கதையைச் சொல்ல அவரைத் தேர்ந்தெடுத்தார். 1926 பிப்ரவரியில் வார்சாவில் இறந்தார்.

ஜனவரி 18

கேள்வி கேட்ட நண்பர் ஒரே சொல்லில் பதில் வேண்டும் என்கிறார். புதிய போலந்து அவரை விசாரித்ததா என்றும் கேட்கிறார்.

விசாரித்திருக்க முடியாது. 1918இல் பிறந்த போலந்து தன் சேனையை எங்கிருந்து கட்டியது? ருஷ்ய ஜெனரலாக இருந்த டோவ்போர்-முஷ்னிட்ஸ்கி வந்தார். ஆஸ்திரியச் சேனையிலிருந்து ரோஸ்வடோவ்ஸ்கியும் ஹாலரும் வந்தார்கள். ஜெர்மானியச் சேனையில் பயின்றவர்களும் வந்தார்கள். முதல் உலகப் போரில் இவர்களுடைய பட்டாளங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. 1920இல் வார்சாவின் வாசலுக்குச் சோவியத் செஞ்சேனை வந்தபோது தலைமைப் பணித்தளபதியாக இருந்து போர்த்திட்டத்தை வகுத்தவர் ரோஸ்வடோவ்ஸ்கி. அந்நியப் பேரரசிடம் கற்ற வித்தை இல்லாமல் அந்த நாட்டுக்குச் சேனையே கிடையாது. தூய கைகள் மட்டுமே வேண்டும் என்று அது கேட்டிருந்தால், பீரங்கிக்குக் குறி வைக்கவும் ஆள் கிடைத்திருக்காது.

ஆகவே என் பதில்: போலந்தின் துரோகி அல்லர். ஹுன்சாவிலிருந்து ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு பதில் சொல்வேன்.